திண்டிவனத்தில் ஓர் இரவு!

தென்னார்க்காடு ஜில்லா என்று ஒரு ஜில்லா இருந்தது. கடலூர் அதற்குத் தலைநகர். திண்டிவனம், விழுப்புரம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி எல்லாம் அதன் தாலுகாக்கள். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே போனால் கல்வராயன் மலை.

இந்த ஜில்லாவில் 1890-ம் ஆண்டு வாக்கில் ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வாள்? பாட்டி வைத்தியம் பார்ப்பாள். பிரசவம் என்றால் மருத்துவச்சி வருவாள். அவளாலும் முடியவில்லை என்றால் சாமி மேல் பாரத்தைப் போடுவார்கள். வெள்ளைக்கார டாக்டர்கள் அங்கங்கே இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஆண்கள். ஆண் டாக்டர் கை படுவதை விட உயிர் போவதே மேல் என்று நினைத்த காலம் அது.

அந்தக் காலத்தில் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தாள் ஓர் அமெரிக்கப் பெண். வயது இருபது கூட நிரம்பவில்லை. பெயர் ஐடா ஸ்கடர்.

டாக்டர் குடும்பம்

ஐடா பிறந்தது நம் ஊரில்தான். 1870-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். அவள் தாத்தா ஜான் ஸ்கடர் ஒரு டாக்டர். 1819-ம் ஆண்டிலேயே அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தவர். பிறகு சென்னைக்கு வந்து வைத்தியமும் மத ஊழியமும் செய்தார். அவர் பிள்ளைகள் பலரும் அதே வேலையில் இறங்கினார்கள். ஐடாவின் அப்பாவும் டாக்டர். அவர் பெயரும் ஜான்.

குழந்தையாக இருந்தபோது ஐடா ஒரு பெரிய பஞ்சத்தைப் பார்த்தாள். அது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். பங்களா வாசலுக்கு எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். ரோட்டோரத்தில் குழந்தைகள் செத்துக் கிடந்ததையும் பார்த்தாள். அந்தக் காட்சி அவள் மனதை விட்டுப் போகவில்லை. இந்தியாவே வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போனாள். அங்கேயே படித்தாள். கல்யாணம் செய்துகொண்டு, நல்ல வீடு கட்டிக்கொண்டு, அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதில் தப்பு ஒன்றும் இல்லையே!

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. அப்போது அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்தில் இருந்தார்கள். அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஐடா வந்தாள். அம்மாவுக்குக் குணமானதும் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

கதவைத் தட்டிய மூன்று பேர்

ஒரு நாள் இரவு. ஐடா தன் அறையில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது.

வந்தவர் ஓர் இளம் பிராமணர். அவர் மனைவிக்குப் பிரசவ வேதனை. அந்தப் பெண்ணுக்கு வயது பதினான்கு. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது என்றும், தன் அப்பா டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றும் ஐடா சொன்னாள். வந்தவர் முகம் மாறியது. வேற்று ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதா? அது நடக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்தத் தடவை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் வீட்டிலும் அதே கதை. அப்பாவும் ஐடாவும் சேர்ந்து வருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவரும் சம்மதிக்கவில்லை.

மூன்றாவதாக இன்னொருவர் வந்தார். அவரும் மேல்சாதி இந்து. அவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்.

ஒரே இரவில் மூன்று வீடுகள். மூன்று இளம்பெண்கள். பக்கத்திலேயே ஒரு டாக்டர் விழித்திருந்தார். ஆனாலும் அவர்களுக்கு உதவி கிடைக்கவில்லை.

ஐடா அன்று இரவு தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்தப் புருஷன்மார்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நடுராத்திரியில் ஓடிவந்து அந்நியப் பெண்ணின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களும் அவர்கள்தான். மனைவி பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கும் இருந்தது. வழக்கம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது.

ஐடா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் பிரார்த்தனை செய்தாள். வெளியே வந்து, தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னாள்.

படிப்பும் பணமும்

பெண் டாக்டர்களே அப்போது இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே படித்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேய மாது, லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தார். அவர் முயற்சியால் 1885-ல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வந்தது. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று இன்று நமக்குத் தெரிவது அதுதான். ஆனால் இதெல்லாம் பட்டணத்தில். திண்டிவனத்துப் பெண்ணுக்கு அது எட்டாது. கல்வராயன் மலைப் பெண்ணுக்கோ கடலூரே எட்டாது.

ஐடா அமெரிக்கா போய், 1895-ல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் கதவைத் திறந்தது. அங்கே மாறி 1899-ல் பட்டம் பெற்றாள்.

வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டி வரும்படி சொன்னார்கள். யாரிடம் கேட்பது? ஒரு மிஷன் சங்கத்து அம்மாள் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார் ஐடா. பக்கத்து அறையில் இருந்த ஷெல் என்ற கிழவர் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டார். அவர் ஒரு பாங்க் தலைவர். மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இறந்துபோன தம் மனைவியின் ஞாபகமாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு பிறந்த அன்றே ஐடா இந்தியாவில் இருந்தார். அப்பா பக்கத்தில் இருந்து தொழில் சொல்லிக் கொடுப்பார் என்று நம்பியிருந்தார். சில மாதங்களில் அப்பா புற்றுநோயால் காலமானார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

இளம் டாக்டர் தனியே நின்றார். ஆஸ்பத்திரி இல்லை. வேலூர் பங்களாவில் பத்தடி நீளம், பன்னிரண்டடி அகலத்தில் ஓர் அறை இருந்தது. அதுதான் வைத்தியசாலை. ஒரே ஒரு கட்டில். வீட்டு பட்லரின் மனைவி சலோமிதான் நர்ஸ். கட்டுக் கட்டவும் மருந்து கலக்கவும் ஐடா அம்மையாரே அந்தப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்தார்.

முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றவர்கள், பெண்ணுக்கு என்ன வைத்தியம் தெரியும் என்று யோசித்தார்கள். இது ஒரு வேடிக்கைதான்! ஒருத்திக்குக் குணமானது. அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். வாசலில் கூட்டம் சேர்ந்தது. இரண்டு வருஷத்தில் ஐயாயிரம் பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-ல் நாற்பது கட்டில்களுடன் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்? 1906 முதல் அம்மையார் வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டார். 1909-ல் ஒரு பிரெஞ்சு மோட்டார் கார் வந்தது. அது போட்ட சத்தத்தில் பிசாசு வருகிறது என்று பயந்து ஜனங்கள் ஓடினார்களாம். பிறகு அதே கார் வரும் நாளைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாகக் காத்திருந்தார்கள்.

சொல்ல முடியாத நோய்

பிரசவத்தில் சாவது ஊருக்குத் தெரியும். மேளம் அடிப்பார்கள். ஆனால் பெண்ணைக் கொல்லாமல் வருஷக்கணக்கில் வதைக்கிற நோய்கள் உண்டு. அவை வெளியே தெரியாது. வெள்ளைப்படுதல், பெரும்பாடு, அடி இறங்குதல், சிறுநீர் கசிதல் என்று வரிசையாகச் சொல்லலாம். இவற்றோடு மறைவிடத்துத் தோலில் வரும் நோய்களும் உண்டு.

பெண் டாக்டரிடமே இவற்றைச் சொல்லப் பெண்களுக்கு நா எழாது. தலைவலி என்று வருவாள். வயிற்று வலி என்பாள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போவாள். அங்கிருந்து திரும்பி வந்துதான் உண்மையைச் சொல்வாள். கூட மாமியார் வந்திருந்தால் அதையும் சொல்லமாட்டாள்.

இந்தத் தோல் நோய்களில் ஒன்று மிகவும் பிடிவாதமானது. மறைவிடத்தில் தோல் வெளுக்கும். காகிதம் போல மெலிந்து சுருங்கும். ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. சொறிந்தால் கீறும், ரத்தம் கசியும். சிறுநீர் பட்டால் எரியும். புருஷனோடு சேர்வதும் வேதனை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். சின்னப் பெண்களுக்கும் வருவது உண்டு.

1885-ல் பிராக் நகரத்து டாக்டர் பிரைஸ்கி, இப்படித் தோல் சுருங்குவதைப் பற்றி எழுதினார். 1887-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் அலோப்போவும் இந்த நோயை எழுதி வைத்தார். ஆகவே ஐடா அம்மையார் படித்த காலத்தில் வைத்திய உலகத்துக்கு இது தெரிந்த நோய்தான். மருந்துதான் தெரியவில்லை. நோய் பிடித்த தோலை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தைச் சுற்றியே நோய் திரும்ப வந்தது!

இன்று இதற்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். உடம்பின் காவல் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவதாக டாக்டர்கள் கருதுகிறார்கள். தைராய்டுக் கோளாறு உள்ள பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல. கெட்ட நடத்தையால் வரும் மேக நோயும் அல்ல. வெண்குஷ்டமும் அல்ல. வெளுப்பைப் பார்த்து இப்படியெல்லாம் பயந்து, வீட்டுக்குள்ளேயே மறைத்தவர்கள் எத்தனையோ பேர்.

மருந்து இருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டு களிம்பை விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தடவ வேண்டும். முதல் மாதம் தினமும் இரவில். இரண்டாம் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது. 30 கிராம் குழாய் ஒன்று மூன்று மாதத்துக்கு வரும். அரிப்பு நின்றதும் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. இது சர்க்கரை வியாதி போலக் கூடவே இருக்கும் நோய். கட்டுக்குள் வைக்கலாம், அடியோடு போக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்ட வேண்டும். நூறு பேரில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்குப் பிற்காலத்தில் அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும். ஆறாத புண்ணோ கட்டியோ தெரிந்தால் ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடக் கூடாது.

சோப்பு போட்டுக் கழுவுவது, டெட்டால் ஊற்றுவது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது எல்லாம் எரிச்சலைக் கூட்டும். வெறும் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவினால் போதும். பருத்தி உள்ளாடை நல்லது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் படர்தாமரைக் களிம்பு இதற்கு மருந்து ஆகாது.

சிக்கல் என்னவென்றால் இந்த நோய் தனியாக வருவது குறைவு. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அடி இறங்கியிருக்கும். சிறுநீர் கசியும். அந்த ஈரத்தில் தோல் ஊறும். சர்க்கரையும் இருந்தால் பூஞ்சைக் காளான் சேர்ந்துகொள்ளும். அதுவும் அரிக்கும். எது எதனால் என்று அவளுக்கே தெரியாது. பூஞ்சை மருந்து கொடுத்தால் பாதி அரிப்பு நிற்கும், மீதி நிற்காது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். எடுத்துவிட்டும் வருவாள், அரிப்பும் கூடவே வரும். ஏனென்றால் நோய் உள்ளே இல்லை, வெளித்தோலில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டுபிடித்து, அதற்கு அதற்கு மருந்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தோலில் கடுகளவு எடுத்துச் சோதிப்பார்கள். இதற்கெல்லாம் முதலில் அந்த இடத்தை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் சீட்டு எழுதுவதால்தான் பல பெண்களுக்கு வருஷங்கள் வீணாகின்றன.

மூன்று பேர் கூட வரமாட்டார்கள்!

ஐடா அம்மையாருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஒரு டாக்டர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? இந்தியப் பெண்களையே டாக்டர்கள் ஆக்க வேண்டும். அதுவே வழி. 1909-ல் நர்ஸ் பள்ளி தொடங்கினார். அடுத்தது டாக்டர் பள்ளி.

சென்னை மாகாண மருத்துவ இலாகாவின் தலைவருக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள் கூட மனுப் போடமாட்டார்கள் என்று நினைத்தார். ஆறு பேர் வந்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்தார். வந்த மனுக்கள் 151!

1918-ல் பள்ளி தொடங்கியது. கட்டடம் இல்லை. சாமான் இல்லை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எலும்புக்கூடு ஒன்றை வைத்துக்கொண்டு அம்மையாரே பாடம் நடத்தினார். மாகாணப் பரீட்சைக்கு மாணவிகள் போனபோது, ஆண்களே பெரும்பாலும் தவறிப்போகும் பரீட்சை அது என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள்! 1922-ல் பதினான்கு பேர் எல்.எம்.பி. பட்டம் பெற்று வெளியே வந்தார்கள்.

இதன் பிறகு வளர்ச்சி வேகமானது. நகரத்தின் நடுவில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. 1928-ல் மகாத்மா காந்தி பள்ளிக்கு வந்து பார்த்துப் போனார்.

பெரிய சோதனை அறுபத்தேழு வயதுக்கு மேல் வந்தது. எல்.எம்.பி. படிப்பு இனிக் கிடையாது, எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்த்தாவிட்டால் மூட வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அதற்குப் பெரும் பணம் வேண்டும். பெண்கள் சங்கங்களிடம் அவ்வளவு இல்லை. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லா மிஷன்களும் உதவும். சேர்ப்பதா, வேண்டாமா? பெண்களுக்காகவே கட்டியதில் ஆண்களைச் சேர்ப்பது நம்பிக்கைத் துரோகம் என்று அமெரிக்காவில் பழைய சிநேகிதிகள் கோபித்துக்கொண்டார்கள். அம்மையாருக்கும் அது எளிதாக இல்லை. ஆனால் பள்ளி மூடிப்போனால் எந்தப் பெண்ணுக்கும் லாபம் இல்லையே! சம்மதித்தார். யுத்தக் காலத்திலும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார். 1942-ல் கல்லூரி உயர்ந்தது. 1947-ல் பத்து ஆண்கள் சேர்ந்தார்கள். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி என்று நீளமாகச் சொல்லாமல் சி.எம்.சி. என்றே நாடு முழுவதும் அதைச் சொல்கிறது.

அம்மையார் 1946-ல் ஓய்வு பெற்றார். பிறகு பொறுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் ஓர் இந்திய மாது. விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ். அவரும் பெண்களின் நோய்க்கும் பிரசவத்துக்கும் பேர்போன டாக்டர்தான்.

மலையும் ஜில்லாவும்

கல்வராயன் மலைக்கு இதெல்லாம் வந்து சேர வெகு காலம் பிடித்தது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் மலை அது. கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மக்கள். 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. தென்னார்க்காடு ஜில்லா 1993-ல் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிறுவங்கூரில் இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருகிற பெண், தோல் டாக்டரையும் பெண்கள் டாக்டரையும் தேடி இனி வேலூருக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும் என்பது இல்லை. வாய் திறந்து சொல்லும் வேலை மட்டும் அவளுடையது. அதற்கு வீட்டில் உள்ள ஆண்களும் கொஞ்சம் உதவலாம். கூடப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும்.

கோடைக்கானலில்

ஐடா அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக் காலத்தில் கோடைக்கானல் வீட்டில் தங்கினார். தோட்டம் போட்டார். வயதான பிறகும் டென்னிஸ் ஆடினார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிப் போட்ட ஒரு கடிதம் தவறாமல் அவரிடம் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

1960-ம் ஆண்டு மே மாதம் காலமானார். வயது 89. ஷெல் கிழவர் தம் மனைவி பேரால் கட்டிக் கொடுத்த நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி வேலூர் ஆரணி சாலையில் இன்றும் இருக்கிறது. அங்கே இப்போது கண் வைத்தியம் பார்க்கிறார்கள்.